பசை பூசிய பேய்கள்

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் மும்பை சயான் கட்டடங்களின் மாடிப்படிகளில் பேய்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. பழைய வேட்டியில் வெள்ளைப் பேய், முட்டை அட்டையை வெட்டிக் கறுப்படித்த வௌவால், பஞ்சை இழுத்து ஒட்டிய சிலந்திவலை, ஊறுகாய் பாட்டிலுக்குள் சிவப்பு விளக்கு. ஹாலோவீன் இன்று மால்களோடு நிற்கவில்லை. சொசைட்டிகளும் பள்ளிகளும் அதைப் போட்டியாகவே நடத்தி, 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' என்று பரிசும் தருகின்றன. கடையில் எதையும் வாங்காமல் வீட்டில் கிடப்பதைக் கொண்டே செய்கிறார்கள், குப்பை குறைகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயம் தவறு என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன்.

இதில் நல்லது இல்லாமல் இல்லை. ஒரு குழந்தை செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுப்பதே பெரிய விஷயம். அது வரைந்த கோணல் பல்லில் இருக்கும் உயிர் கடை முகமூடியில் இருக்காது. அந்நியப் பண்டிகை என்று முகம் சுளிப்பவர்களோடும் நான் சேரமாட்டேன். பூசணிக்காயில் கோரைப்பல்லும் பிதுங்கிய விழியும் வரைந்து புதுவீட்டு வாசலில் கட்டுகிறவர்கள் நாம். அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்தார்கள். அமெரிக்கா போனதும் கிழங்கின் இடத்தைப் பரங்கிக்காய் பிடித்தது. பயத்துக்கு ஒரு முகம் கொடுத்து வாசலில் நிறுத்துவது அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது, நமக்கும் தோன்றியிருக்கிறது.

என் சண்டை பசையோடு. சயானிலிருந்து தாராவியின் 13-ஆம் காம்பவுண்டு நடந்து போகிற தூரம்தான். மும்பையின் வீடுகள் கழித்துப்போட்டது அங்கே போய்ச் சரக்காகிறது. பிளாஸ்டிக்கை வகைவாரியாக, நிறவாரியாகக் கையால் பிரிக்கிறார்கள். அரைத்து, கழுவி, தகரக் கூரைகளின் மேல் காயவைத்து, உருக்கிக் குருணையாக்குகிறார்கள். அட்டைப்பெட்டி கட்டுக்கட்டாகக் காகித ஆலைக்குப் போகிறது. கண்ணாடி பாட்டிலுக்குத் தனி விலை. பழைய புடவையைப் போட்டுவிட்டுப் பாத்திரம் வாங்கிக்கொள்ளப் பாண்டிவாலி வாசலுக்கே வருவாள். துணி கிழிந்திருந்தாலும் 'சிந்தி' எனும் கந்தலாக, மெஷின் துடைக்க, அதற்கும் ஓர் இடம் உண்டு. முட்டை அட்டையே கழிவுக் காகிதக் கூழில் செய்ததுதான்; இன்னொரு முறையும் கூழாகும். நம் வீட்டில் மூலையில் கிடக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் அடுத்த கை ஒன்று காத்திருக்கிறது. அந்தக் கை கேட்பது ஒன்றைத்தான்: சரக்கு தனித்தனியாக இருக்க வேண்டும்.

போட்டிப் பேய் அதைத்தான் கெடுக்கிறது. அந்த வௌவாலை எடுத்துப் பாருங்கள். அட்டையின் மேல் அக்ரிலிக் பெயின்ட், அதன் மேல் சூட்டுப் பசை, பசையின் மேல் ஜிகினாத் தூள், கண்ணுக்குத் தெர்மோகோல் உருண்டை. பழைய பேப்பர் எடைக்கு வாங்கும் எந்த ரத்திக்காரரும் இதைத் தராசில் வைக்கமாட்டார். செய்வதற்கு முன்பு அது விலையுள்ள அட்டை. பரிசு வாங்கிய மறுநாள் காஞ்சூர்மார்க் குப்பைக்கிடங்குக்கோ தேவனார் குப்பைக்கிடங்குக்கோ போகவேண்டிய குப்பை. குப்பையிலிருந்து கலை செய்ததாகக் கைதட்டுகிறோம். நடந்தது நேர் எதிர்: சரக்கிலிருந்து குப்பை செய்திருக்கிறோம். தேவனாரில் 1927-லிருந்து கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2016 ஜனவரியில் அந்த மலை பற்றி எரிந்து செம்பூர் வரை மூச்சு முட்டியது. அதன் பக்கத்தில் பிள்ளை வளர்க்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

வாங்குவதில்லை என்பதும் உண்மையில்லை. வீட்டில் கிடந்தது அட்டையும் வேட்டியும் பாட்டிலும்தான். பெயின்டும் ஜிகினாவும் பஞ்சும் கறுப்புக் குப்பைப் பையும் ஸ்டேஷனரி கடையிலிருந்து வருகின்றன. அலங்காரத் தெர்மோகோலுக்கு மகாராஷ்டிரம் 2018-லேயே தடை போட்டது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பனையை நிறுத்தத் தொடங்கியது. நம் போட்டிகளிலோ எது அதிகம் மின்னுகிறதோ அதற்கே மதிப்பெண்.

சின்னப் பிள்ளைகள் செய்யும் நாலு வௌவாலால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். எடை கொஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை கற்றுக்கொள்வது கொஞ்சம் இல்லை. ஒட்டி, வண்ணமடித்து, படம் எடுத்துவிட்டால் ஒரு பொருளுக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட்டோம் என்று அது நம்புகிறது. அந்தப் பொருளை நாளைக்குக் கையில் எடுத்துப் பிரிக்கப்போகும் தாராவிப் பெண் பிள்ளையின் கண்ணில் படுவதே இல்லை. அட்டையின் மதிப்பை நன்றாக அறிந்தவள் அவள்தான். நடுவர்களில் அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

இதே மாதங்களில் இதே தெருக்களில் வேறு இரண்டு வழக்கங்கள் நடக்கின்றன. மாட்டுங்கா வீடுகளில் நவராத்திரி முடிந்ததும் கொலுப் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுகிறார்கள். அடுத்த வருடமும் அவையே இறங்கும். மராத்திப் பிள்ளைகள் தீபாவளிக்குக் கட்டடத்தின் கீழ் மண்ணும் கல்லும் சேர்த்துக் கோட்டை கட்டுகிறார்கள். பண்டிகை போனால் கோட்டை மறுபடி மண். ஒன்று வைத்துக் காப்பது, ஒன்று வந்த இடத்துக்கே திரும்புவது. திருஷ்டிப் பூசணியும் இரண்டாவது வகைதான். ஒட்டுப் பேய் இந்த இரண்டிலும் சேராது. பரணில் வைக்க அதற்குத் தகுதியில்லை, மண்ணில் போட்டால் மட்காது.

பேய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேட்டியை வெட்டாமல், சாயம் பூசாமல், முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால் மறுநாள் துவைத்துக்கொள்ளலாம். வௌவாலுக்குக் கரியைத் தேய்க்கலாம், நூலால் கட்டலாம், ஒட்டித்தான் ஆகவேண்டுமென்றால் சுவரொட்டிக்காரர்களின் மைதாப் பசை இருக்கிறது. போட்டி நடத்துகிறவர்கள் பரிசை அக்டோபர் 31 இரவில் கொடுக்காமல் நவம்பர் 1 காலையில் கொடுக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பேயைத் தன் கையாலேயே பிரித்து, துணியைத் துணியோடும் அட்டையை அட்டையோடும் வைக்கட்டும். பக்கத்தில் ஒரு ரத்திக்காரர் தராசோடு நிற்கட்டும். அவர் எடுத்துக்கொள்ள மறுக்கும் பேய்க்கு எவ்வளவு அழகிருந்தாலும் பரிசு கிடையாது என்று முன்கூட்டியே நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடட்டும்.