இரும்புச் சுருளின் நிதானம்

மலைச் சைக்கிளின் பின் ஷாக்கில் எனக்குப் பிடித்தது இரும்புச் சுருள்தான். நீண்ட இறக்கத்தில் காற்று ஷாக் சூடேறினால் அதன் குணம் மாறும், சுருள் மாறாது. சின்னக் கல்லுக்கும் உடனே இளகிக் கொடுக்கும், அந்தச் சுகமே தனி.

அடக்கமான விலைக்கு மார்சோக்கி பாம்பர் சிஆர் என்ற சுருள் ஷாக் போதும்: அமுக்கத்துக்கு ஒரு திருகு, மீள்வேகத்துக்கு ஒரு திருகு. மிச்சப் பணத்தில் சரியான ஸ்பிரிங்கை வாங்குங்கள். அதன் மேலே 450 என்றிருந்தால், ஓர் அங்குலம் அமுக்க 450 பவுண்டு விசை வேண்டும். முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்தால் ஷாக்கின் மொத்த அமுங்கு தூரமான ஸ்ட்ரோக்கில் ஏறத்தாழ 30 சதவீதம் அமுங்கட்டும். அதற்கு மேல் அமுங்கினால் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் வளையத்தை இறுக்கிச் சமாளிக்காதீர்கள். இன்னும் கடினமான ஸ்பிரிங்கைப் போடுங்கள். ஃபிரேமும் அமுங்க அமுங்க இறுகும் வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய குதிப்பில் ஷாக் அடிவரை போய் இடிக்கும்.