ஐயவாதி கண்ட வழிபாடு

கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் பிறர் வழிபடும் இடத்துக்குச் சென்று வந்து எழுதினால், அவ்வெழுத்து பெரும்பாலும் நகைப்பாக முடிகிறது. இல்லையேல், அழைத்தவர் மனம் நோகாதிருக்கச் சொல்லும் முகமனாக முடிகிறது. இரண்டிலும் சேராத எழுத்து அரிது. ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். பார்ஸ்டர் (1879–1970) அவ்வரிய வகையைச் சேர்ந்தவர். எனினும் அவர் எல்லாச் சமயங்களையும் ஒரே கோலால் அளந்தாரா என்பது ஆராயத்தக்க கேள்வி.

பார்ஸ்டர் கிறிஸ்துவப் பற்று மிகுந்த குடும்பத்தில் வந்தவர். கேம்பிரிட்ஜில் பயின்ற காலத்திலேயே அந்நம்பிக்கை அவரை விட்டு நீங்கிற்று. அதன்பின் வேறு சமயம் எதனையும் அவர் தழுவவில்லை. 1921-ஆம் ஆண்டு மத்திய இந்தியாவிலிருந்த தேவாஸ் சமஸ்தானத்தில், மகாராஜா மூன்றாம் துக்கோஜிராவிடம் அந்தரங்கச் செயலாளராகச் சில மாதங்கள் பணிபுரிந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கே நடந்த கோகுலாஷ்டமி விழாவில் ஒதுங்கி நின்று பார்க்க அவருக்கு வழியில்லை. இந்திய உடை உடுத்தி, வெறுங்காலுடன் கூட்டத்தோடு கூட்டமாக இருக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களைக் கொண்டதே 1953-இல் வெளிவந்த ‘தி ஹில் ஆஃப் தேவி’. (அந்த மகாராஜா பின்னாளில் கடன் தொல்லையால் சமஸ்தானத்தை விட்டுப் பாண்டிச்சேரியில் தங்கி, 1937-இல் அங்கேயே காலமானார்.)

கடிதங்களில் அவர் எதையும் மறைக்கவில்லை. பலவகை வாத்தியங்கள் ஒரே நேரத்தில் முழங்கும் இரைச்சல், ரோஜா இதழ்களுக்கும் சிறு பொருள்களுக்கும் நடுவே மூழ்கிப்போன கண்ணன் திருவுருவம், ஒழுங்கு என்பதே இல்லாத ஏற்பாடு, இவையெல்லாம் அவருக்கு எரிச்சல் ஊட்டின. அழகுணர்ச்சியும் கம்பீரமும் அங்கே அறவே இல்லை என்று எழுதுகிறார். ஆனால் அதே கடிதங்களில் வேறொன்றும் சொல்கிறார்: உருவ வழிபாட்டின்மேல் சினம் கொள்வது தகாது, ஏனெனில் அது மக்கள் உள்ளத்தின் ஆழத்தைத் தொடுகிறது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. பாதிரிமார் சினம் கொள்வது இயல்பே. அவர்களுக்கு இச்சடங்கு அழகற்றது மட்டுமன்று, தவறானதும் ஆகும்.

இந்த வேறுபாடு கூர்மையானது. நம்பிக்கையில்லாதவருக்கு அங்கே காக்க வேண்டிய கோட்டை எதுவும் இல்லை. ஆகவே பொருளைப் பார்த்து வெறுத்துவிட்டு, முகத்தைப் பார்த்து நிதானிக்க அவரால் முடிகிறது.

அந்த விழாவே 1924-இல் வெளிவந்த ‘எ பேஸேஜ் டு இந்தியா’ நாவலின் மூன்றாம் பகுதிக்கு வித்தாயிற்று. கடிதத்தில் எரிச்சலாக இருந்தது நாவலில் நகைச்சுவையாக மாறுகிறது. கடவுள் அன்பே என்று ஆங்கிலத்தில் அறிவிக்க வந்த பலகையில் எழுத்துகள் இடம் மாறி நிற்கின்றன. பாடுகின்ற பேராசிரியர் காட்போலேயின் மூக்குக் கண்ணாடி மல்லிகை மாலையில் சிக்கிக்கொள்கிறது. எவருக்கும் இதனால் பக்தி குறைவதில்லை. விளையாட்டுக்கும் சிரிப்புக்கும் இடமளிக்காத வழிபாடு குறைவுடையது என்னும் கருத்தை ஆசிரியர் இங்கே முன்வைக்கிறார். வெறுங்காலுடன் அந்த இரைச்சலில் இருந்திராதவர் இம்முடிவுக்கு வந்திருப்பாரா என்பது ஐயமே.

நாவலில் ஒரு குளவி வருகிறது. அதனைப் பின்தொடர்ந்தால் ஆசிரியரின் நோக்கம் விளங்கும். முதியவளான மூர் அம்மையார் சட்டை மாட்டும் முளையில் உறங்கும் குளவியைக் கண்டு அன்புடன் பேசுகிறார். அடுத்த அதிகாரத்தில் இரண்டு பாதிரிமார் வருகின்றனர். மூன்றாம் வகுப்பில் பயணம் செய்பவர்கள், கிளப்பை எட்டிப்பாராதவர்கள், நல்லவர்கள். இறைவன் வீட்டில் குரங்குக்கு இடம் உண்டா, நரிக்கு உண்டா என்று பேச்சு வளர்கிறது. குளவி என்றதும் இளைய பாதிரியாருக்குச் சங்கடம் தோன்றுகிறது. எங்கேனும் ஓரிடத்தில் கதவை அடைத்தாக வேண்டுமே! பல அதிகாரங்கள் கடந்து, விழாவில் பாடிக்கொண்டிருக்கும் காட்போலேயின் நினைவில் மூர் அம்மையாரும் ஒரு குளவியும் வருகின்றனர். இருவரையும் அவர் அன்பால் இறைவனிடம் சேர்க்கிறார். குளவி அமர்ந்திருந்த கல்லையும் சேர்க்க முயல்கிறார், முடியவில்லை. பாதிரியார் குளவியில் நின்றார், அந்தணர் கல்லில் நின்றார். ஒவ்வொரு வழிபாடும் எதுவரை செல்கிறது என்று அளந்து பார்த்தவர் அச்சமயங்களுக்கு வெளியே நின்ற ஒருவர்.

ஆனால் இவ்வளவு பொறுமை பிற சமயங்களுக்குக் கிட்டவில்லை. நாவலின் முதற் பகுதிக்குப் பெயரே ‘மசூதி’. அங்கே நிலவொளி உண்டு, தூண்களின் அழகு உண்டு, தனியே அமர்ந்திருக்கும் டாக்டர் அஸீஸ் உண்டு. பார்ப்பார் எவரும் இல்லாதபோதும் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த மூர் அம்மையாரை அவர் சந்திக்கும் காட்சி மறக்க முடியாதது. ஆயினும் அணிவகுத்துத் தொழும் மக்கள் எங்கே? இஸ்லாத்தின் உயிரான கூட்டுத் தொழுகையைப் பார்ஸ்டர் விரித்துக் காட்டவேயில்லை. நெருங்கிய நண்பர் ராஸ் மசூதுக்கே நூலைக் காணிக்கையாக்கியவர், அந்நண்பரின் சமயத்தைக் கட்டடக் கலையாகவே பெரிதும் கண்டுவிட்டார். கிறிஸ்துவத்தின் நிலை இன்னும் மோசம். வழக்கு நடக்கும் நாள் காலையில், பல ஆண்டுகளாக விட்டிருந்த பழக்கத்தை மேற்கொண்டு அடேலா மண்டியிடுகிறாள். சம்பள உயர்வு கேட்டு இலட்சுமியை வேண்டும் குமாஸ்தாக்களுக்கு அவளை ஒப்பிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். மாதாகோயிலுக்குள் நம்மை அழைத்துச் சென்று, அங்கே பாடுவோர் முகத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. பிறந்த வீட்டை விட்டு வெளியேறியவர்க்கு அவ்வீட்டாரிடம் நிதானம் வாய்ப்பது கடினம் போலும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நாவலிலும் ஓர் ஐயவாதி இருக்கிறார்: கல்லூரித் தலைவர் பீல்டிங். தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொன்னவர். விழா நடக்கும்போது அவரும் அவ்வூரில்தான் இருக்கிறார். ஆனால் தேவாஸில் தாம் நின்ற இடத்தில் பார்ஸ்டர் அவரை நிறுத்தவில்லை. பீல்டிங்கை மழையில் நனைந்தபடி, ஏரியில் ஒரு படகில் ஏற்றி, தூரத்திலிருந்து பார்க்க வைக்கிறார். மண்ணால் செய்த கோகுலம் நீரில் கரைக்கப்படும் வேளையில் படகுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன; தட்டும் மோதுகிறது; பீல்டிங் உட்பட அனைவரும் தண்ணீரில் விழுகின்றனர்.