சுகுண விலாச சபை: அரண்மனை நாடகமும் வீட்டு நாடகமும்

சென்னையின் அமெச்சூர் நாடகக் குழுவான சுகுண விலாச சபையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கண்ணியத்தைப் பாராட்டிவிட்டு, அது மேடையேற்றிய நாடகங்களுக்குள் நுழையாமலே திரும்பிவிடுகிறார்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசினார்கள், காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்களே வேஷம் கட்டினார்கள், ‘கூத்தாடி’ என்ற வசை சற்றுத் தணிந்தது. எல்லாம் உண்மைதான். சமூக வரலாற்றில் அதற்குரிய இடம் உண்டு. நாடகங்களின் தரத்தை அதை வைத்து அளக்க முடியாது.

முறையைப் பொறுத்தவரை சபையின் சாதனையில் ஐயமில்லை. 1891இல் பல்லாரி கிருஷ்ணமாசார்லுவின் குழு சென்னையில் நடித்ததைக் கண்ட தூண்டுதலில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பு இது. தொழில்முறைக் குழுக்களின் கம்பெனி நாடகம் பாட்டை நம்பி நடந்தது. சபை வசனத்தை நம்பியது. அங்கே நடிகர் இட்டுக்கட்டிப் பேசலாம். இங்கே எழுதியதை நெட்டுருப் போட வேண்டும், ஒத்திகைக்கு வந்தாக வேண்டும். விடிய விடிய நீண்ட ஆட்டம் சுருங்கியது. கூடவே ஓர் இழப்பும் நேர்ந்தது. கம்பெனி நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டிலிருந்த செறிவுக்கு ஈடாகச் சபையின் வசனம் எதையும் தரவில்லை. தெளிவைத் தந்தது, அவ்வளவே.

உணர்ச்சி நாடகங்களில் ‘மனோகரா’வை (1895) முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். படிக்கும்போது 1954ஆம் ஆண்டுப் படத்தின் முழக்கத்தைக் காதிலிருந்து அகற்றிவிடுவது நல்லது. அந்த அடுக்குமொழி மு. கருணாநிதியுடையது. மூலம் எளிய உரைநடை. அதன் பலம் கட்டமைப்பில் இருக்கிறது. தாய்க்குக் கொடுத்த வாக்கு வீரனான மகனின் கையைக் கட்டிப்போடுகிறது. அவனைப் பிணைக்கும் சங்கிலி மேடைக்கு வருமுன்பே அவன் கட்டுண்டுதான் நிற்கிறான். சங்கிலி அறும் காட்சி வெறும் வித்தையாகிவிடாததற்கு இதுவே காரணம். பழுது அரசனின் ஆசைநாயகி வசந்தசேனையின் படைப்பில். அவளுடைய தீமைக்கு ஆசையைத் தவிர வேறு காரணம் கிடையாது; அரசன் புருஷோத்தமன் மயங்குவதும் தெளிவதும் கதைக்குத் தேவைப்பட்ட நேரத்தில் நடக்கின்றன. ஆனால் இந்தத் துயர நாடகத்தில் மிக உயிருள்ள எழுத்து அவளுடைய பைத்தியக்கார மகன் வசந்தனிடம் இருக்கிறது. சித்தம் பேதலித்த மகனுக்கு அரியணை தேடிப் பாடுபடும் தாய் என்ற நிலைமை, வசந்தசேனைக்கு ஆசிரியர் மறுத்த மனிதத்தன்மையில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது. சிரிப்பு இங்கே இடைவேளைச் சரக்காக இல்லாமல் கதையின் உறுப்பாக நிற்கிறது.

ஷேக்ஸ்பியர் தழுவல்கள் (‘அமலாதித்யன்’, ‘வாணீபுர வணிகன்’, ‘விரும்பிய விதமே’, ‘மகபதி’) சபையின் ஆசை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்கின்றன. மூலத்தின் காட்சியமைப்பை மதிக்கும் நேர்மை அவற்றில் உண்டு. ஆனால் கவிதை உரைநடையானதும், ‘அமலாதித்யன்’ ஆகிவிட்ட ஹாம்லெட் தனக்குள் தடுமாறும் இடங்கள் தன்னைப் பற்றி விளக்கம் சொல்லும் இடங்களாகிவிடுகின்றன. மரியாதையான மொழிபெயர்ப்பு என்பதற்கு மேல் சொல்ல இல்லை.

இந்த அரண்மனைகளையெல்லாம் விட்டுச் சென்னை வீடொன்றுக்குள் நுழைந்தபோதுதான் சம்பந்த முதலியாரின் கை முழுமையாகப் பழகியது. ‘சபாபதி’யில் (1906) வேலைக்காரனின் மடத்தனத்தைக் காட்டிச் சிரிக்கவைப்பது பழைய பபூன் உத்திதான். புதுமை, எஜமானும் படிப்பு ஏறாத செல்வர் வீட்டுப் பிள்ளையாக இருப்பதும் இருவருக்கும் ஒரே பெயர் இருப்பதும். வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறான். அதனாலேயே சொன்னவருக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை என்பது அம்பலமாகிறது. கீழ்நோக்கி மட்டுமே பாய்ந்திருக்க வேண்டிய சிரிப்பு எஜமானையும் நனைக்கிறது. வேலைக்காரர் வைத்திருந்தவர்களே நிறைந்த ஒரு சபை இதை மேடையேற்றியதை நினைத்துப் பார்க்க வேண்டும். குறையும் வெளிப்படை. நிகழ்ச்சிகள் கோவையாக வருகின்றன, வளர்வதில்லை; எந்த இடத்தில் நிறுத்தினாலும் நாடகத்துக்கு நஷ்டமில்லை. வெற்றியின் பேரில் அது தொடராக நீண்டதும், ஒரு முறை கண்டுபிடிப்பாக இருந்தது பழக்கமாகிவிட்டது.

சபையின் கண்ணியத்தையும் சற்று நிறுத்துப் பார்க்கலாம். பெண் வேடங்களில் ஆண்களே நடித்தார்கள். சி. ரங்கவடிவேலு நீண்ட காலம் சம்பந்த முதலியாருக்கு இணையாக நடித்துப் பெயர் பெற்றார். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்ல நியாயமில்லை. ஆனால் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே ஒரு நாடகக் குழுவை நடத்திக்காட்டியிருந்த காலம் அது. நாடகத்தைச் சீர்திருத்த வந்தவர்கள், தாம் இழிவாக நினைத்த கம்பெனி உலகத்துக்கு இந்த விஷயத்தில் பின்தங்கியே நின்றார்கள்.

இன்னொரு குறை அதைவிட ஆழமானது. சம்பந்த முதலியார் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அவருக்கு நிகரான இரண்டாவது நாடகாசிரியர் சபையிலிருந்து எழவில்லை. மேடையைக் கட்டிய அமைப்பு எழுத்தை ஒரே மனிதரிடம் விட்டுவைத்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் போன்ற தொழில்முறைக் கலைஞர்கள்தான் ‘மனோகரா’வை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சபையோ நாளடைவில் பொழுதுபோக்கு மன்றமாயிற்று.

சபை கொண்டுவந்த ஒழுங்குக்கு முதல் மதிப்பு. தழுவல்கள் ஆராய்ச்சியாளருக்கு. ‘மனோகரா’ கட்டமைப்பால் நிற்கிறது, பாத்திரப் படைப்பில் சறுக்குகிறது. ‘சபாபதி’யின் முதல் பாகத்தை இன்றும் மேடையேற்றலாம், அடுத்தடுத்த பாகங்களைப் படிக்காமல் விட்டாலும் குறைவில்லை.