திறவாத வாடிவாசல்: செல்லப்பாவின் குறுநாவலும் திரைப்பட எதிர்பார்ப்பும்

சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' வெளிவந்த ஆண்டு 1959. 'எழுத்து' இதழை அவர் தொடங்கியதும் அதே ஆண்டின் சனவரியில்தான். 1970 வரை நடந்த அவ்விதழ் பெருவாசகரை நாடியதன்று; நாட விரும்பியதுமன்று. ந. பிச்சமூர்த்தி முதலானோரின் புதுக்கவிதைகளுக்கு இடமளித்தும், ஒரு படைப்பை வரிவரியாக அலசும் விமர்சன முறையை வற்புறுத்தியும் அது தனக்கெனச் சிறியதொரு வாசகர் வட்டத்தை உருவாக்கிக்கொண்டது. தம் நூல்களைத் தாமே மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்ற செல்லப்பாவின் உருவம் அவ்வட்டத்தினரிடையே ஏறத்தாழத் தொன்மமாகிவிட்டது. மராத்தியில் 1963இல் வெளியான பாலச்சந்திர நெமாடேயின் 'கோசலா' நாவலைச் சுற்றி உருவான பற்றார்ந்த வாசகர் கூட்டத்தோடு இதனை ஒப்பிடலாம்.

இத்தகைய ஓர் எழுத்தாளரின் மெல்லிய நூலொன்று, 'எழுத்து' என்ற பெயரையே கேள்வியுறாத பல இலட்சம் பேரால் இன்று எதிர்நோக்கப்படுகின்றது. வெற்றிமாறன் இயக்கத்தில், சூர்யா நடிப்பில், கலைப்புலி எஸ். தாணு தயாரிப்பில் இந்நூல் திரைப்படமாகும் என அறிவிக்கப்பட்டு, 2021 சூலையில் படத்தின் பெயர் வரைவு வெளியிடப்பட்டது. 2022இல் சோதனைப் படப்பிடிப்பு நடைபெற்றது. 2025 சனவரியில் தயாரிப்பாளர் மீண்டும் அறிவித்தார். 2025ஆம் ஆண்டு முடியும்வரை படம் வெளிவரவில்லை. வெளிவராத அப்படம் நூலின் வாசிப்பை ஏற்கெனவே மாற்றத் தொடங்கிவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருத்து. படம் வந்தபின் மூலத்தோடு ஒப்பிடுவது ஆய்வுலகின் வழக்கம். வருமுன் நேரும் மாற்றம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை.

எதிர்பார்ப்பு இருவகை

தமிழ்த் திரையுலகில் அண்மையில் மிகுதியாக எதிர்நோக்கப்பட்ட மற்றொரு தழுவல் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. மணிரத்னம் அதனை 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். அங்கே எதிர்பார்ப்புக்கு அடிப்படை நினைவு. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவலை மூன்று தலைமுறையினர் படித்திருந்தனர். மணியத்தின் ஓவியங்களால் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகங்கள் முன்னரே அமைந்திருந்தன. படம் தம் மனத்திலுள்ள படத்தோடு பொருந்துமா என்பதே அவ்வாசகரின் கேள்வி.

'வாடிவாசல்' எதிர்பார்ப்பின் இயல்பு வேறு. இங்கே எதிர்நோக்குவோருள் பெரும்பாலோர்க்குப் பொருத்திப் பார்க்க மூலம் மனத்தில் இல்லை. அவர்களிடம் இருப்பது தலைப்பு மட்டுமே. தலைப்பை நிரப்புவதற்கான பொருளைச் சூழல் தருகின்றது. அச்சூழல் 2017 சனவரியில் மெரினாவில் உருவானது. உச்ச நீதிமன்றம் 2014 மே 7ஆம் நாள் ஏறுதழுவலுக்கு விதித்த தடையை எதிர்த்து எழுந்த அப்போராட்டத்திற்குப்பின் 'வாடிவாசல்' என்னும் சொல் ஒரு பண்பாட்டு உரிமையின் பெயராயிற்று. திமில், கொம்பு, மஞ்சுவிரட்டு என்பனவும் அவ்வாறே. கலித்தொகையின் முல்லைக்கலி மேடைதோறும் எடுத்துக்காட்டப்பட்டது. செல்லப்பாவின் நூலும் அவ்வரிசையில் ஒரு சான்றாவணமாக வைக்கப்பட்டது. நூலுக்கு அது செய்த நன்மையை மறுப்பதற்கில்லை, பதிப்புகள் பரவின. ஆயின் சான்றாவணமாகப் படிக்கப்படும் இலக்கியம் தன் இறுதிப் பக்கங்களை இழந்துவிடும் ஆபத்து உண்டு. 'வாடிவாசல்' இழக்கக்கூடாதவை அதன் இறுதிப் பக்கங்களே.

பனுவல் சொல்வது

கதை எளியது. செல்லாயி கோயில் சல்லிக்கட்டுக்கு உசிலனூரிலிருந்து பிச்சி என்னும் இளைஞன் மருதனோடு வருகிறான். வாடிபுரம் சமீந்தாரின் காரிக் காளையே அவன் இலக்கு. பேர்பெற்ற மாடுபிடிவீரனான அவன் தந்தை அம்புலி அக்காளையின் கொம்பால் மாண்டவன். பிச்சி காரியை வெல்கிறான். வெல்லப்பட்ட காளை வெறிகொண்டு ஓட, சமீந்தார் அதனைச் சுட்டுக் கொல்கிறார். ஒரே பிற்பகலில், ஒரே களத்தில் அனைத்தும் நிகழ்ந்து முடிகின்றன.

மதுரை வட்டாரப் பேச்சில் அமைந்த உரையாடல்களாலேயே கதை பெரும்பாலும் நகர்வதால், இது திரைக்கதைபோலவே எழுதப்பட்டது என்று கூறுவதுண்டு. வத்தலக்குண்டில் வளர்ந்த செல்லப்பா சல்லிக்கட்டை நேரில் கண்டவர். ஒளிப்படக் கருவியோடும் அதனை அணுகியவர். எனவே இக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. இந்நூலோடு அடிக்கடி ஒப்பிடப்படும் எமிங்குவேயின் 'கிழவனும் கடலும்' 1958இல் திரைப்படமானபோது, கிழவனின் மனவோட்டத்தைக் காட்ட வழியின்றி, நூலின் நடையைக் குரலாக ஒலிக்கச் செய்ய வேண்டியிருந்தது. 'வாடிவாச'லுக்கு அத்தகைய இடர்ப்பாடு இல்லை. அகம் இங்கே பேச்சிலும் உடலசைவிலும் வெளிப்பட்டுவிடுகின்றது.

இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. பிச்சி அக்களத்திற்கு அயலான். கூட்டத்தில் ஒருவனாக அடைப்போரம் நிற்கும் அவனை எவரும் அறியார். அருகில் நிற்கும் கிழவனோடு நிகழும் பேச்சின் வழியாகவே அவன் அம்புலியின் மகன் என்பது மெல்ல வெளிப்படுகின்றது. நூலின் முற்பகுதி முழுவதும் இந்த 'அறியப்படாமை'யின் மேல்தான் கட்டப்பட்டுள்ளது. வாசகனும் கிழவனைப்போலவே அவனை எடைபோட்டுக்கொண்டு நிற்கிறான். ஆனால், உச்ச நடிகர் ஒருவரின் முகம் திரையில் தோன்றிய கணமே அறியப்பட்டுவிடும், அரங்கு ஆர்ப்பரிக்கும். அவன் வெல்வான் என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே பார்வையாளர் அறிவர். இது நடிகரின் குறையன்று. அவர் திறமை ஐயத்திற்குரியதுமன்று. 'தாய்க்குப்பின் தாரம்' (1956) முதல் 'முரட்டுக்காளை' (1980) வழியாக 'விருமாண்டி' (2004) வரை, தமிழ்த் திரையில் காளை நாயகனின் ஆற்றலை அளந்து காட்டும் அளவுகோலாகவே பெரும்பாலும் நின்றிருக்கின்றது. செல்லப்பாவின் காரி அளவுகோலன்று. அது பிச்சிக்கு நிகரான பாத்திரம். பனுவலின் மதிப்பு இருவர்க்கும் சமமாகப் பங்கிடப்பட்டுள்ளது.

அவ்வட்டார வழக்கான 'மாடு அணைதல்' என்னும் தொடரும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அணைதல் என்பதில் தழுவுதலும் உண்டு, நெருங்கிச் சேர்தலும் உண்டு. பழந்தமிழின் 'ஏறு தழுவுதல்' அச்சொல்லில் உயிரோடிருக்கின்றது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் இன்று விரும்பும் சொல் 'அடக்குதல்'. அடக்கப்பட்டபின் எதிரிக்குக் கதையில் இடமில்லை. அணையப்பட்ட காரிக்கோ அதன்பின்னரே கதையின் மிகக் கடுமையான பகுதி காத்திருக்கின்றது.

சமீந்தாரின் குண்டினை எவ்வாறு பொருள் கொள்வது? வெறிகொண்ட விலங்கிடமிருந்து மக்களைக் காத்தல் என ஒருவர் கொள்ளலாம். தோற்ற காளை தன் பெருமைக்கு இழுக்கு எனக் கருதிய உடைமையாளனின் செயல் என மற்றொருவர் கொள்ளலாம். பனுவல் இரண்டுக்கும் இடந்தருகின்றது. எதனை ஏற்பினும் ஒன்று மறுக்கவியலாதது: களத்தில் இறங்கி உயிரைப் பணயம் வைப்பவர்கள் பிச்சியும் காரியும், மேடையில் அமர்ந்து மானத்தைப் பணயம் வைப்பவர் சமீந்தார். அம்புலியின் உயிரும் காரியின் உயிரும் போனது ஒரே விளையாட்டிற்காக. பண்பாட்டுப் பெருமையின் சான்றாக மட்டும் இந்நூலைக் காட்டுவோர் இக்கணக்கைத் தொடுவதில்லை.

தழுவுபவரின் வழக்கம்

வெற்றிமாறன் இலக்கியத்தைத் திரைக்குக் கொணர்வதில் புதியவரல்லர். மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' அவரால் 'விசாரணை' ஆயிற்று. பூமணியின் 'வெக்கை' (1982) 2019இல் 'அசுரன்' ஆயிற்று. செயமோகனின் 'துணைவன்' என்னும் சிறுகதை 'விடுதலை'யின் இரு பாகங்களாக (2023, 2024) விரிந்தது. இவற்றுள் 'அசுரன்' இங்கு மிகவும் பயன்படும். 'வெக்கை' கொலை நிகழ்ந்தபின் தொடங்கி, தலைமறைவாகத் திரியும் மகனோடும் தந்தையோடும் சில நாள்களைக் கழிக்கும் நாவல். காடும் பசியும் தந்தை மகன் உறவுமே அதன் உள்ளடக்கம். படமோ தந்தையின் இளமையைப் பெரியதொரு பின்னோக்காக விரித்து, பஞ்சமி நிலச் சிக்கலை அதன் நடுவில் வைத்தது. நாவலின் நாயகனான சிறுவனிடமிருந்து கதையின் எடை தந்தைக்கு மாறிற்று. இம்மாற்றத்தால் இழந்தவை உண்டு. எனினும் நில உரிமை பற்றிய உரையாடலைப் பொதுவெளிக்குக் கொணர்ந்த அப்படத்தை வெறும் சிதைப்பு என ஒதுக்குவது நேர்மையாகாது.

இவ்வழக்கத்தைக்கொண்டு நோக்கின், ஒரு பிற்பகல் கதையை முழுநீளப் படமாக்கும்போது விரிக்கப்படக்கூடியவை எவை என ஊகிக்கலாம். முதலாவது அம்புலியின் வாழ்வும் சாவும். பனுவலில் அம்புலி பிறர் வாயில் வாழ்பவன். கிழவனின் நினைவில் நிற்பவன். கண்ணால் காணாததனாலேயே அவன் பேருருக் கொள்கிறான். திரையில் காட்டப்பட்டால் பழிக்கான காரணம் தெளிவுறும். பேச்சு எழுப்பிய பேருரு சுருங்கும். இரண்டாவது சமீந்தாரின் ஆதிக்கம். இங்கே வெற்றிமாறனின் அரசியல் கூர்மை பனுவலுக்குத் துணை செய்யக்கூடும். செல்லப்பா அதிகாரத்தைக் கோடிட்டுக் காட்டியதோடு அமைந்தார். மானம் என்னும் சொல்லின் அடியில் நிலமும் சாதியும் எவ்வளவு புதைந்துள்ளன என்பதை அவர் தோண்டவில்லை. அப்பள்ளத்தைத் தோண்டும் உரிமை தழுவுபவருக்கு உண்டு. தோண்டிய மண்ணால் காரியின் சாவை மூடிவிடாதிருத்தல் வேண்டும்.

காளையின்றிக் காளை

காலத்தாழ்வுக்குரிய காரணங்களுள் காளை, மனிதர் ஆகியோரின் பாதுகாப்பும் ஒன்றாகப் பேசப்பட்டது; காளையின் இயந்திர உருவம் அமைக்கப்படுவதாகவும் செய்திகள் வந்தன. இதில் நகைமுரண் ஒன்றுண்டு. 2011 சூலையில் நடுவண் அரசு வித்தை காட்டப் பயன்படுத்தக்கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 தீர்ப்புக்கு அடிப்படையாய் அமைந்தவற்றுள் அவ்வறிவிப்பும் ஒன்று. காளையின் உரிமை பற்றிய வழக்கு, காளை தோன்றாத காளைப்படத்தில் வந்து நிற்கின்றது. உயிருள்ள காளையின் கண்ணில் தெரியும் அச்சத்தை எவ்வியந்திரம் காட்டும் என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று. பிச்சி அஞ்சுவதும் காரி அஞ்சுவதும் ஒருசேரத் தெரியாவிடின் அணைதல் நிகழாது. பெருமாள்முருகனின் எழுத்தாக்கத்திலும் அப்புபெனின் ஓவியத்திலும் 2025இல் ஆங்கிலத்தில் வந்த சித்திர நாவல் இச்சிக்கலைக் கோட்டோவியத்தால் எளிதில் கடந்துவிட்டது. வரையப்பட்ட காளையிடம் எவரும் மெய்ம்மையைக் கோருவதில்லை.

தொலைவிலிருந்து பார்ப்போர்

2023 மே 18ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் சட்டத்திருத்தத்தோடு கருநாடகம், மகாராட்டிரம் ஆகியவற்றின் திருத்தங்களையும் செல்லும் என அறிவித்தது. மகாராட்டிரத்தில் அத்தீர்ப்பின் பயன் மாட்டுவண்டிப் பந்தயத்திற்குக் கிட்டியது. சுன்னர், அம்பேகாவ், கேட் முதலிய புனே மாவட்டத்து வட்டங்களில் அப்பந்தயம் ஊர்த்திருவிழாக்களின் உயிர்நாடி. அதே மாவட்டத்தில், புனே நகரின் அடப்சர் பகுதியிலுள்ள மகர்பட்டா, உழவர் குடும்பங்கள் ஏறத்தாழ 400 ஏக்கர் விளைநிலத்தை ஒன்றுசேர்த்துத் தாமே பங்குதாரராகி உருவாக்கிய நகரியம். உழவு மாடு நின்ற இடத்தில் இன்று மென்பொருள் நிறுவனங்கள் நிற்கின்றன. மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பணிநிமித்தம் அங்குக் குடியேறிய தமிழர் அருகிலுள்ள பல்திரை அரங்கில் இப்படத்தைக் காணக்கூடும்.

படத்தின் எதிர்பார்ப்பு மிக வலுவாக இயங்குவது இத்தகைய இடங்களிலேயே. களத்திலிருந்து விலகி வாழ்பவர்க்கு வாடிவாசல் என்பது ஊர். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய ஊர். அவ்வேட்கை இழிவானதன்று. எனினும் அவ்வேட்கைக்கு உகந்த கதை காரி சாகாத கதை. பெருமையோடு அரங்கை விட்டு வெளியேற விரும்பும் பார்வையாளரிடம், வென்றவனும் தோற்றதும் உடைமையாளனின் மானத்திற்கு இரையானதைச் சொல்லும் துணிவு படத்திற்கு இருக்குமா? வணிக அடிப்படையில் இதற்கு விடை கடினம். 'விசாரணை'யின் இறுதியை அவ்வளவு இருளாக முடித்த இயக்குநர் என்பதே இவ்விடத்தில் நம்பிக்கை தருவது.

இடைக்காலத்தில் தமிழ்த்துறைகளுக்கு ஒரு பணி உண்டு. 'வாடிவாசல்' பாடமாகும் வகுப்புகளில், படம் வருமுன்னரே நூலின் இறுதிப் பகுதி உரக்கப் படிக்கப்பட வேண்டும். சமீந்தார் ஏன் சுட்டார் என்று வினவின் மாணவர் இரண்டாகப் பிரிந்து வாதிடுவர். படம் அவ்வினாவுக்கு ஒரு விடையைத் தந்துவிட்டபின் அவ்வாதம் அதே வீச்சோடு நிகழாது. என். கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013 முதலே கிடைப்பதால், பிறமொழித் துறைகளிலும் இதனைச் செய்ய இயலும். மகர்பட்டா அரங்கின் மராத்தியப் பார்வையாளருக்குத் திரையடியில் ஓடப்போகும் எழுத்தில், பிச்சி காரியின்மேல் பாயும் கணத்தில், 'அணைதல்' என்பதற்கு எச்சொல் இடப்படும் என்பதும் இன்னும் முடிவாகவில்லை.