கொடிக்கருக்கில் பழகிய கைகள்

திருமலைக் கோயிலின் மகாத்துவாரத்தைக் கடந்ததும் கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவரோடு கைகூப்பி நிற்கிறார். செம்பில் செய்த திருமேனிகள். தோளில் பெயர் பொறித்திருக்கிறது: அரசருடைய பெயர், அரசியருடைய பெயர். செய்தவர் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை.

நம் மரபு அப்படித்தான். ஸ்தபதி, சூத்ரகிராகி, வர்த்தகி, தட்சகன் என நால்வரைச் சிற்பநூல்கள் வகுக்கின்றன. அளவு ஸ்தபதியின் பொறுப்பு. திருமாலுக்கு உத்தம தசதாளம் என்ற அளவுமுறை, 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாளம், 120. அதில் தொழில் பயிலும் இளைஞன் கை வைக்க முடியாது. அவனுக்குக் கிடைப்பது கொடிக்கருக்கு, பூவிதழ், முத்துச்சரம் போன்ற அணிவேலை. பல்லவர் கல்லில் அணிவேலை குறைவு. விஜயநகரத் தூணிலோ விரற்கடை இடமும் வெறுமையாக இராது. அத்தனையும் ஒருவர் உளியில் முடிகிற வேலையா? பட்டறை பட்டறையாக மாணவர் கைகள் அங்கே இருக்கின்றன. அந்தக் கைகளைத்தான் நான் தேடுகிறேன். இன்று உருவம் செதுக்கும் ஆசையில் கருக்குப் பயிற்சியைச் சுருக்குவது எனக்குச் சம்மதமில்லை.

பிரான்சின் சிற்பி ரோதேன் இதே வழியில் வந்தவர். கலைப்பள்ளித் தேர்வில் மூன்று முறை தோற்றார். 1864-இல் கரியே-பெல்லூஸ் என்ற சிற்பியின் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்து அலங்கார வேலை செய்தார். உழைப்பு இவருடையது, கையொப்பம் முதலாளியுடையது. ஆனால் கையை வளர்த்தது அந்த வகை வேலைதான். களிமண்ணில் இலை செய்துகொண்டிருந்தபோது கோன்ஸ்தான் என்ற மூத்த தொழிலாளி அருகில் வந்து, “உன் இலைகள் தட்டையாகக் கிடக்கின்றன, நுனி உன்னை நோக்கி நீளட்டும்” என்ற பொருளில் திருத்தினாராம். பரப்பை விட்டு ஆழத்தைப் பார்க்கும் அந்தப் பாடத்தைக் கடைசிவரை ரோதேன் மறக்கவில்லை.

அதே ரோதேன் 1913-இல் ஒரு நடராசரின் புகைப்படங்களைப் பார்த்து உருகி எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் செப்புத் திருமேனி திருவாலங்காட்டில் கிடைத்தது. அந்த ஊர் அன்று நம் சித்தூர் மாவட்டம். திருத்தணிப் பகுதியோடு 1960-இல்தான் சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. அந்தத் திருமேனியைத் தோள், இடை, தொடை என்று ஒவ்வோர் அங்கமாக நின்று நின்று பார்த்தார் ரோதேன். அதை வார்த்தவருக்கும் பெயர் இல்லை.

அடுத்த முறை மலையேறும்போது, வரிசை நகர்வதற்குள், ராயர் நிற்கும் மண்டபத்தின் தூண்களையும் பாருங்கள். கருக்கின் நுனிகள் கல்லிலிருந்து நம்மை நோக்கி எழுந்திருக்கும்.