வாளியில் ஒரு மல்பெரி

ஸ்ட்ராபெரிக்குக் கேமரன் மலைக் குளிர் வேண்டும்; ஜார்ஜ்டவுன் வெக்கையில் அதை வளர்ப்பது வீண் செலவு. இந்த ஊருக்கு மல்பெரிதான் சரி. தெரிந்தவர் வீட்டில் கவாத்து செய்த பென்சில் பருமன் குச்சி ஒன்று, அடியில் ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளி, மண், கொஞ்சம் தேங்காய் நார். கடைவீட்டு ஐந்தடி நடைபாதையில் வெயில் விழும் ஓரம் போதும்.

குச்சியை நட்டு அது வேர்விட்ட பிறகு, ரசிக்க வேண்டியது அடுத்த வேலையை. தழைத்த கிளையின் நுனியைக் கிள்ளி, இலைகளை மொத்தமாக உருவிவிட வேண்டும். பார்க்கக் கொடுமைதான். ஆனால் துளிர் கிளம்பும்போதே பிஞ்சும் கூடவே வரும். பச்சை, சிவப்பு, கறுப்பு. சிவப்பில் பறிப்பவர் அவசரக்காரர். புளிப்பு பல்லைக் கூசவைக்கும். கறுத்த பழம் தொட்டாலே கையோடு வந்துவிடும், விரலெல்லாம் ஊதா. சட்டையில் பட்டால் லேசில் போகாது. சின்னான் குருவிகளுக்கும் எது பழுத்தது என்ற கணக்கு தெரியும். அதனால் பழைய கொசுவலையையும் எடுத்து வையுங்கள்.