‘இப்பொழுது’ என்னும் மாறி: மடிக்கணினிப் பல்லியத்தின் நிரல்மொழி

மொழி என்னும் சொல்லைக் கணினித் துறையினர் தயக்கமின்றி எடுத்தாண்டு வருகின்றனர். ‘நிரல்மொழி’ என்ற தொடரில் மொழி என்பது உவமையா, அன்றி இயற்பெயரேதானா என்று மொழியியலார் நின்று கேட்டது குறைவு. பெரும்பாலான நிரல்மொழிகளைப் பொறுத்தவரை அவ்வினாவால் விளையும் பயனும் சிறிதே. ஆனால் எழுதப்படுவது இசையாகவும், எழுதுவோரே மேடையில் இசைப்போராகவும் அமையும்பொழுது நிலைமை வேறாகிறது. நிரலே இசைப்படி, நிரலே கருவி என்று அங்கு உரிமை கோரப்படுகிறது. அக்கோரிக்கையை மொழியியல் நோக்கில் மதிப்பிடவும், அந்நிரல்மொழியைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் சிலவற்றைச் சுட்டவும் இக்கட்டுரை முயல்கிறது.

டான் ட்ரூமனும் பெரி குக்கும் 2005-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மடிக்கணினி ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றைத் தொடங்கினர். கே வாங், ஸ்காட் ஸ்மால்வுட் ஆகியோர் அம்முயற்சியில் உடனிருந்தனர். 2008-இல் கே வாங் ஸ்டான்ஃபோர்டில் இத்தகைய மற்றொரு குழுவை அமைத்தார். ஆர்க்கெஸ்ட்ரா என்பதற்குப் ‘பல்லியம்’ என்னும் பழஞ்சொல் பொருந்தும். நெடும்பல்லியத்தனார் என்ற சங்கப் புலவர் பெயரில் அச்சொல் இன்றும் நிற்கிறது. இயம் என்பது இசைக்கருவி. எனவே மடிக்கணினி ஓர் இயம் ஆகுமா என்ற வினாவையும் இப்பெயர் உடன் கொணர்கிறது. பிரின்ஸ்டன் குழுவினர் அளித்த விடை பொறியியல் சார்ந்தது. அனைவர் ஒலியையும் அரங்கின் இருபுறப் பெரிய ஒலிபெருக்கிகளில் கலந்துவிடாமல், ஒவ்வோர் இசைஞர் அருகிலும் அரைக்கோள வடிவிலான ஒலிபெருக்கி ஒன்றை வைத்தனர். (ஸ்டான்ஃபோர்டில் சாலட் கிண்ணங்களையே கவிழ்த்து அரைக்கோளம் ஆக்கினர்.) ஒலி, அதனை எழுப்பியவர் இருக்கும் இடத்திலிருந்தே வருகிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகியவற்றை ‘இடம்’ என்று வழங்கும் மரபினர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

இக்குழுக்களில் பெரிதும் பயிலும் நிரல்மொழி ‘சக்’ என்பது. கே வாங்கும் பெரி குக்கும் 2003-இல் இதனை அறிமுகப்படுத்தினர். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு அலட்சியமாகத் தூக்கி எறிதல் என்று பொருள். இம்மொழியின் உயிர்நாடி => என்னும் அம்புக்குறி. அலையாக்கியின் பெயரை எழுதி, அம்பிட்டு, ஒலிவாயிலின் பெயரை எழுதினால் இரண்டும் இணைகின்றன. 440 என்ற எண்ணை எழுதி, அம்பிட்டு, அலைவெண் என்று எழுதினால் அம்மதிப்பு அதற்கு உரியதாகிறது. இதனை ஒரு வினைச்சொல்லாகவே உருவாக்கியோர் கருதுகின்றனர். இக்கட்டுரையாசிரியர் கருத்து வேறு. தமிழ் நோக்கில் இவ்வம்பு வினையன்று. நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’. அலையாக்கியை ஒலிவாயிலுக்கு, 440-ஐ அலைவெண்ணுக்கு என்று தமிழில் சொல்லிப் பார்த்தால், வினை எழுதப்படாமலே தொக்கு நிற்பது புலனாகும். கொடை, பகை, பொருட்டு, முறை எனப் பல பொருள்களில் வரும் ‘கு’ உருபை நன்னூலார் ஒன்றாகவே கொண்டார். இன்ன பொருள் என்பதை உருபு உணர்த்துவதில்லை. சூழ்ந்து நிற்கும் சொற்களே உணர்த்துகின்றன. சக் மொழியின் அம்பும் அவ்வாறே. இணைத்தல், மதிப்பளித்தல், காத்திருத்தல் ஆகியவற்றுள் எது என்பதை இருபுறமும் நிற்கும் பெயர்களின் வகையே தீர்மானிக்கிறது. ஒரே வேறுபாடு, உருபு தன் பெயரின் பின்னே ஒட்டாமல் முன்னே நிற்பது.

இனி இம்மொழியின் மிக விந்தையான தொடருக்கு வருவோம்: 1 :: செகண்ட் => நவ். ‘நவ்’ ஓர் ஆங்கிலச் சொல். ‘இப்பொழுது’ என்பது பொருள். இங்கு அது ஒரு மாறியின் பெயர். தமிழில் இச்சொல் இகரச் சுட்டும் பொழுதும் புணர்ந்து ஆனது. பேசுவோர் நிற்கும் கணத்தைச் சுட்டுவது. இயற்கை மொழியில் எவரும் ‘இப்பொழுது’ என்று சொல்லி அப்பொழுதை நகர்த்திவிட முடியாது. சக் மொழியில் அது முடிகிறது. ஒரு நொடியை ‘இப்பொழுது’க்கு அளித்தால், நிரல் அவ்விடத்தில் நின்று, ஒரு நொடி கழிந்தபின் அடுத்த வரிக்குச் செல்லும். அதற்குமுன் எத்தனை அலையாக்கிகளை இணைத்திருந்தாலும் ஒலி எழுவதில்லை. காலத்தை நகர்த்தாத முடிவிலாச் சுழற்சி ஒன்றை எழுதிவிட்டாலோ, அந்நிரல் மட்டுமன்றி உடன் ஓடும் நிரல்கள் அனைத்தும் உறைந்துபோகும். ஆக, கேட்கப்படும் இசை முழுவதும் ஒலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத வரியிலேயே நிகழ்கிறது. இதனை விட்டுவிட்டு இம்மொழியை விளக்குவோர், இலக்கணத்தை விட்டு அகராதியை மட்டும் விளக்குவோராவர்.

இத்தொடரை எவ்வாறு பெயர்ப்பது? கலைச்சொல் பயிலரங்கு ஒன்றில் ‘ஒரு நொடி காலமுன்னேற்றம் செய்க’ என்று ஒருவர் முன்மொழிந்தார். பின்வரிசையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி ‘ஒரு நொடி பொழுதைப் போக்கு’ என்றார். அரங்கு சிரித்தது, பரிந்துரை பதிவாகவில்லை. இரண்டாவதே சரியான பெயர்ப்பு என்பது என் துணிபு. பொழுது என்ற அடிச்சொல் ‘இப்பொழுது’விலும் இருக்கிறது, செயலும் இயல்பான தமிழ். அவையோர் அதனைத் தள்ளியது அது விளையாட்டாக ஒலித்ததால். ஆனால் மூலமும் விளையாட்டே. உடனிகழும் நிரல்களை இம்மொழி ‘ஷ்ரெட்’ என்கிறது. அது நூலிழையைக் குறிக்கும் ‘த்ரெட்’ என்பதோடு ஓசையொத்தது. கித்தாரை மின்னல் வேகத்தில் மீட்டுவதற்கும் பெயர். அவற்றைத் தோற்றுவிக்கும் ‘ஸ்போர்க்’ என்பதோ கரண்டியும் முட்கரண்டியும் ஒன்றான உணவுக் கருவியின் பெயர். நம் கலைச்சொல்லாக்கம் இத்தகைய நகையை நாற்பதாண்டு அலுவலகக் கோப்பின் தொனிக்கு மாற்றிவிடுகிறது. பொருள் பிழையாவதில்லை, தொனி பிழையாகிறது.

தமிழில் வாய்ப்பு இல்லாமலும் இல்லை. ‘இழை’ என்பது நூலுக்கும் ஆகும். குரலும் குழலும் இழைவதற்கும் ஆகும். ‘கிளை’ என்பது பிரிந்து செல்வதைக் குறிப்பதுடன், இணை, கிளை, பகை, நட்பு எனப் பண்டைத் தமிழிசை வகுத்த நரம்புறவுகளுள் ஒன்றுமாகும். நிரலை ‘இழை’ என்றும், அதனைத் தோற்றுவித்தலைக் ‘கிளைத்தல்’ என்றும் கூறினால் மூலத்தின் இரட்டுறல் வேறு வகையில் மீள்கிறது. சொல் மட்டுமன்றித் தொடரமைப்பும் மாறலாம் என்பதற்கு ‘எழில்’ நிரல்மொழி சான்று. அதில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னும் இடைச்சொல் பின்னுமாக நிற்கின்றன. தமிழ் வாக்கியம் தலைகீழாக்கப்படவில்லை.

நிரலைவிட்டு நிகழ்ச்சிக்கு வந்தால் என் உடன்பாடு குறைகிறது. கே வாங் இயற்றிய ‘க்ளிக்ஸ்’ என்ற படைப்பில் இசைஞர்கள் விசைப்பலகையில் தட்டெழுதுகின்றனர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஆஸ்கி அட்டவணை வழங்கிய எண் அதன் சுருதியைத் தீர்மானிக்கிறது. எழும் சொடுக்கொலிகள் ஒரு பொதுத் துடிப்புக்கு ஒழுங்குறுகின்றன. நடத்துநர் ஒருவர் சைகையால் வழிநடத்துகிறார். கேட்க இன்பமானது, உள்ளங்கையில் மழைத்துளி தெறிப்பது போன்றது. எனினும் தட்டெழுதப்படும் சொல்லுக்கு அங்கு வேலையில்லை. பெயரளவில் எழுத்து ஒலிக்கிறது. உண்மையில் ஒலிப்பது குறியெண். 128 இடங்கள் கொண்ட ஆஸ்கியில் தமிழுக்கு இடமில்லை. யூனிகோடைக் கொண்டு இதே விதியை நீட்டினால் ‘கொற்கை’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஆறு ஒலிகளாகும். ஏனெனில் கொகரம் அங்கு ககரமும் உயிர்க்குறியுமாகிய இரண்டு குறிகள், றகர மெய்யும் இரண்டு, கையும் இரண்டு. எழுத்து என்பது ஒலியின் அலகா, வரிவடிவின் அலகா, குறியீட்டின் அலகா என்ற நம் பழைய வினா இங்கு எழுகிறது. படைப்போ மூன்றாவதை எடுத்துக்கொண்டு முதலாவதைப் போலத் தோற்றம் தருகிறது.

மற்றொன்று. நிரலில் உள்ள ‘இப்பொழுது’ ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியானது. கம்பியில்லா வலைப்பின்னலில் துடிப்பை அனுப்பினாலும் சிறு தாமதம் உண்டு. எனவே இருபது பேர் கூடியிருக்கும் மேடையில் பொதுவான ‘இப்பொழுது’ நிரலில் இல்லை. நடத்துநரின் கையிலும் இசைஞரின் கண்ணிலும் இருக்கிறது. நாங்கள், நாம் என்ற வேறுபாட்டை உடைய மொழியினர் இதனை விளக்க ஆங்கில நூல்களைத் தேட வேண்டுவதில்லை. நிரல் ‘நாங்கள்’ என்கிறது. பல்லியத்துக்கு வேண்டுவது ‘நாம்’.

2006-இல் பிரின்ஸ்டன் குழுவுடன் மறைந்த தபலா மேதை ஜாகிர் உசேன் (1951–2024) வாசித்தார். தபலாவின் சொற்கட்டு வாயால் கூறப்படும்பொழுது கட்டளையும் அதுவே, இசையும் அதுவே. நம் கொன்னக்கோலும் அத்தகையது. நிரலே இசை என்னும் கோரிக்கைக்கு அன்று அம்மேடையிலேயே ஓர் உரைகல் இருந்தது. நிரலை உரக்கப் படித்தால் இசை எழுவதில்லை. சொற்கட்டைப் படித்தால் எழுகிறது. சக் மொழியைப் பற்றி எழுதுவோர் இவ்வேறுபாட்டைத் தொட்டிருந்தால் ‘மொழி’ என்ற சொல்லை இன்னும் சற்று எண்ணியே ஆண்டிருப்பர்.